தீர்ப்புக்குப் பின் தொடங்கும் அரசியல்: இந்திய ஆட்சியமைப்பில் உச்ச நீதிமன்றத்தின் இடம்

2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பை வழங்கியது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இரண்டாம் முறை நிறைவேற்றி அனுப்பியும் ஆளுநர் ஒப்புதல் தராத பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றவையாகவே கருதப்படும் என்றது அது. ஆளுநரின் கையெழுத்தும் இல்லாமல், குடியரசுத் தலைவரின் கையெழுத்தும் இல்லாமல் அந்த மசோதாக்கள் அரசிதழில் சட்டங்களாக வெளிவந்தன. அதற்கு நீதிமன்றம் பயன்படுத்திய அரசமைப்பின் 142ஆவது பிரிவை, அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ஜகதீப் தன்கர் அணு ஏவுகணையோடு ஒப்பிட்டுச் சாடினார். மே மாதம் குடியரசுத் தலைவர் 14 கேள்விகளை எழுப்பி நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு பதில் சொன்னது: ஆளுநருக்கோ குடியரசுத் தலைவருக்கோ நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது; ஒப்புதல் கிடைத்ததாகக் கருதிக்கொள்ளவும் முடியாது; காரணமே சொல்லாமல் நெடுங்காலம் இழுத்தடித்தால் மட்டும், ஏதாவதொரு முடிவை எடுக்கும்படி சொல்லலாம்.

ஒரே ஆண்டில் ஒரே நீதிமன்றத்திலிருந்து ஒரே கேள்விக்கு வந்த இந்த இரண்டு பதில்களில் எது சரி என்ற விவாதம் சட்ட வல்லுநர்களிடையே நெடுநாள் நடக்கும். இந்தக் கட்டுரையின் கேள்வி வேறு. தேர்தலில் நிற்காத, மக்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லத் தேவையில்லாத சிலர், தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இயற்றிய சட்டத்தைச் செல்லாது என்று சொல்லும் அதிகாரம் அரசியலில் என்ன வேலையைச் செய்கிறது? அது எப்போது பலிக்கிறது, எப்போது பலிக்காமல் போகிறது? 1950 முதல் இன்றுவரையான அனுபவத்தை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புலப்படும். நீதிமன்றத்தின் பலம் சட்டப் புத்தகத்தில் நிலையாக எழுதிவைக்கப்பட்ட ஒன்றாக இருந்ததில்லை. அரசியல் பிளவுபட்டுக் கிடக்கும்போது அது ஏறுகிறது. அதிகாரம் ஒரே கையில் குவியும்போது இறங்குகிறது. தீர்ப்பு என்பது பெரும்பாலும் ஒரு தகராறின் நடுக் கட்டம். அதற்குப் பிறகுதான் உண்மையான பேரம் தொடங்குகிறது.

முதல் மோதல்: பதினான்கு இடங்கள்

அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த இரண்டு நாளில், 1950 ஜனவரி 28 அன்று, உச்ச நீதிமன்றம் தொடங்கப்பட்டது. அதன் முதல் பெரிய வழக்குகளில் மூன்று சென்னை மாகாணத்திலிருந்து சென்றவை. கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தடுப்புக் காவலை எதிர்த்தார். தடுப்புக் காவல் சட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் ரத்துசெய்துவிட்டு மற்றதை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ் ரோட்ஸ்’ இதழ் மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று சென்னை அரசு விதித்த தடை செல்லாது என்றது. மூன்றாவது, செண்பகம் துரைராஜன் வழக்கு.

அந்த வழக்கின் நடுவில் இருந்தது ஒரு கணக்கு. சென்னை மாகாண அரசுக் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர்களுக்கும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. கம்யூனல் ஜி.ஓ. என்று அந்நாளில் எல்லாராலும் அழைக்கப்பட்ட ஆணை இது. நீதிக்கட்சி காலத்து அரசியலின் விளைச்சல். சாதியின் பேரால் கல்லூரி இடத்தை மறுப்பது 29(2) பிரிவுக்கு முரண் என்று சொல்லி, முதலில் உயர் நீதிமன்றமும் பிறகு 1951 ஏப்ரல் 9 அன்று உச்ச நீதிமன்றமும் ஆணையை ரத்துசெய்தன. மனுதாரர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை என்பது தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. விண்ணப்பித்தாலும் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாக அவர் சொன்னதை ஏற்று நீதிமன்றம் வழக்கை நடத்தியது.

தமிழகத்தில் பெரியார் தலைமையில் கிளர்ச்சி எழுந்தது. தீர்ப்பு வந்த இரண்டரை மாதத்துக்குள், ஜூன் 18 அன்று, முதல் அரசமைப்புத் திருத்தம் சட்டமானது. பிற்படுத்தப்பட்டோருக்குத் தனி ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு அதில் பிறந்தது. ‘கிராஸ் ரோட்ஸ்’ தீர்ப்புக்கு மறுமொழியாகப் பேச்சுரிமை மீதான கட்டுப்பாடுகள் விரிந்தன. நிலச் சீர்திருத்தச் சட்டங்களை நீதிமன்றத்தின் கை படாமல் பாதுகாக்க ஒன்பதாவது அட்டவணை உருவானது.

பின்னாளில் பலமுறை காணப்போகும் சுற்று அன்றே முழுமையாக ஓடி முடிந்தது. நீதிமன்றம் மறுத்தது, தெரு எழுந்தது, நாடாளுமன்றம் விதியையே மாற்றியது. நீதிமன்றம் தோற்றதாகத் தோன்றலாம். ஆனால் அந்த மறுப்பு இல்லாவிட்டால், ஒரு மாகாண அரசின் நிர்வாக ஆணையாக இருந்த இடஒதுக்கீடு அவ்வளவு விரைவில் நாடு முழுமைக்குமான அரசமைப்புக் கொள்கையாக உயர்ந்திருக்குமா என்பது ஐயம்தான்.

திருத்தும் அதிகாரம் யாருடையது?

நாடாளுமன்றம் எந்தத் தீர்ப்பையும் திருத்தம் கொண்டுவந்து தாண்டிவிடலாம் என்றால் நீதிமன்றம் எதற்கு? இந்தக் கேள்வி இருபத்திரண்டு ஆண்டு நீடித்தது. அடிப்படை உரிமைகளையும் திருத்தலாம் என்று 1951இல் சங்கரி பிரசாத் வழக்கிலும் 1964இல் சஜ்ஜன் சிங் வழக்கிலும் சொன்ன நீதிமன்றம், 1967இல் கோலக்நாத் வழக்கில் 6க்கு 5 என்ற கணக்கில், முடியாது என்றது. அந்தத் தீர்ப்புக்குத் தலைமை தாங்கிய கே.சுப்பா ராவ் சில வாரங்களில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக ஜாகிர் உசேனை எதிர்த்து நின்று தோற்றார். நீதிபதிக்கும் அரசியலுக்கும் இடையே கோடு கிழிப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

அடுத்து வங்கி தேசியமயச் சட்டம், மன்னர் மானிய ஒழிப்பு ஆகிய இரண்டிலும் இந்திரா காந்தி அரசு 1970இல் நீதிமன்றத்தில் தோற்றது. அவர் தேர்தலைச் சந்தித்து, 1971இல் பெரும்பான்மையோடு திரும்பி, கோலக்நாத் தீர்ப்பைத் திருத்தத்தால் நீக்கினார். அந்தத் திருத்தத்தை எடைபோடத்தான் 13 நீதிபதிகள் அமர்ந்தார்கள். காசர்கோட்டுக்கு அருகிலுள்ள எடநீர் மடத்தின் கேசவானந்த பாரதி கேரள நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் போட்ட வழக்கு 68 நாள் விசாரிக்கப்பட்டு, 1973 ஏப்ரல் 24 அன்று 7க்கு 6 என்று முடிந்தது. எதையும் திருத்தலாம், ஆனால் அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்றது தீர்ப்பு. அரசின் திருத்தங்களில் பெரும்பகுதி செல்லுபடியானது. மடத்துக்குப் பெரிய பலன் ஏதும் இல்லை. நீதிமன்றம் அன்றைய சண்டையை விட்டுக்கொடுத்து, வருங்காலச் சண்டைகளில் கடைசி வார்த்தையைத் தனக்கென வைத்துக்கொண்டது.

அரசு உடனே பழிதீர்த்தது. ஓரிரு நாளில், தீர்ப்பில் அரசுக்கு எதிர்ப் பக்கம் நின்ற மூத்த நீதிபதிகள் ஷெலட், ஹெக்டே, குரோவர் மூவரையும் தாண்டி ஏ.என்.ராய் தலைமை நீதிபதி ஆக்கப்பட்டார். மூவரும் பதவி விலகினர்.

நெருக்கடி நிலை வைத்த சோதனை

1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதி ஜக்மோகன்லால் சின்ஹா, பிரதமரின் தேர்தல் வெற்றி செல்லாது என்றார். ஜூன் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் கோடை விடுமுறைக் கால நீதிபதியாக இருந்த வி.ஆர்.கிருஷ்ணய்யர் நிபந்தனைகளோடு இடைக்காலத் தடை தந்தார். மறுநாள் இரவு நெருக்கடி நிலை வந்தது. தனி ஒரு நீதிபதியின் தீர்ப்பு நாட்டின் போக்கையே திருப்பிவிட முடியும் என்பதும், அப்படித் திருப்பப்பட்ட போக்கை நீதிமன்றத்தால் கட்டுப்படுத்த முடியாது என்பதும் இரண்டே வாரத்தின் பாடங்கள்.

விசாரணையின்றிச் சிறையில் அடைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு போடலாமா என்ற கேள்வியில் ஒன்பது உயர் நீதிமன்றங்கள் போடலாம் என்றன. 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் 4க்கு 1 என்ற கணக்கில் முடியாது என்றது. மறுத்து எழுதிய எச்.ஆர்.கன்னாவுக்கு 1977 ஜனவரியில் தலைமை நீதிபதிப் பதவி மறுக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, எதிர்த்து நின்றவை கீழடுக்கில் இருந்த உயர் நீதிமன்றங்கள் என்பது. அதிகார மையத்துக்கு எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அழுத்தம்.

1977 தேர்தலில் காங்கிரஸ் தோற்ற பிறகே நீதிமன்றத்துக்குக் குரல் திரும்பியது. 1978இல் மேனகா காந்தி வழக்கு, ஒருவரின் உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் இருக்க வேண்டும் என்றது. கோபாலன் வழக்கில் 28 ஆண்டு முன் மறுக்கப்பட்ட வாதம் அது. 1979இல் ஹுசைனாரா காத்தூன் வழக்கு பீகார் சிறைகளில் விசாரணைக் கைதிகளாகவே ஆண்டுக்கணக்கில் கிடந்தவர்களின் நிலையை வெளிக்கொண்டுவந்தது. பாதிக்கப்பட்டவர்தான் வழக்குப் போட வேண்டும் என்ற விதி தளர்ந்து பொதுநல வழக்கு வளர்ந்தது. அதை முன்னெடுத்தவர்களில் ஒருவரான பி.என்.பகவதி, 1976இல் பெரும்பான்மைப் பக்கம் நின்றவர். பொதுநல வழக்குகளில் ஒரு பிராயச்சித்தத்தை ஆய்வாளர்கள் பலர் கண்டது இதனால்தான். 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை நீதிமன்றம் வெளிப்படையாக நீக்கியது 2017இல், அந்தரங்க உரிமை வழக்கில். 41 ஆண்டு பிடித்தது.

பலவீனமான அரசுகள், பலமான நீதிமன்றம்

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் டால் 1957இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: நாட்டை ஆளும் கூட்டணியின் போக்குக்கு மாறாக ஓர் உச்ச நீதிமன்றம் நெடுநாள் நிற்பதில்லை. இந்தியாவுக்கு அதைப் பொருத்திப் பார்த்தால், ஆளும் கூட்டணியே உறுதியாக இல்லாதபோது என்ன நடக்கும் என்ற கேள்வி எழுகிறது. 1989 முதல் 2014 வரை மக்களவையில் எந்தக் கட்சியும் தேர்தலில் தனிப் பெரும்பான்மை பெறவில்லை. நீதிமன்றத்தின் துணிச்சலான தீர்ப்புகள் பல இந்தக் கால்நூற்றாண்டில் விழுந்தவை.

1992இல் மண்டல் வழக்கு பிற்படுத்தப்பட்டோருக்கான 27 விழுக்காட்டை ஏற்று, மொத்த ஒதுக்கீட்டுக்கு 50 விழுக்காடு என்ற வரம்பையும் விதித்தது. 1993இல் நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரமே நீதிபதிகளிடம் போனது. 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கு மாநில அரசுகளைக் கலைக்க உதவும் 356ஆவது பிரிவுக்குக் கடிவாளம் போட்டது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1991 என மாநில அரசுகள் கலைக்கப்பட்ட அனுபவம் உண்டு. 1991இல் ஆளுநர் சுர்ஜித் சிங் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. பொம்மை தீர்ப்புக்குப் பிறகு அவ்வளவு எளிதாகக் கலைப்பது நின்றது. தீர்ப்பின் வலிமை மட்டும் இதற்குக் காரணமாகாது. மாநிலக் கட்சிகளின் தயவில் மத்திய அரசுகள் நடந்த காலம் அது. சட்டமும் அரசியல் கணக்கும் ஒரே திசையில் இழுத்ததால் தீர்ப்பு நிலைத்தது.

மண்டல் வரம்புக்குத் தமிழ்நாடு தந்த மறுமொழியும் இந்தக் காலத்தியதே. 69 விழுக்காட்டைக் காக்கச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1994இல் 76ஆவது திருத்தம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. மாநிலக் கட்சி கேட்க, மத்திய அரசு கொடுத்தது. கூடலூர் ஜென்ம நிலங்கள் பற்றிய வழக்கிலிருந்து கிளைத்த ஐ.ஆர்.கொய்லோ வழக்கில் 2007 ஜனவரியில் ஒன்பது நீதிபதிகள், 1973 ஏப்ரல் 24க்குப் பிறகு அட்டவணையில் சேர்ந்த எந்தச் சட்டத்தையும் அடிப்படைக் கட்டமைப்பை வைத்துச் சோதிக்கலாம் என்றனர். 69 விழுக்காடு இன்னும் நிற்கிறது. அதைத் தொட்டால் எந்தக் கட்சியும் அமைதியாக இருக்காது என்பது நீதிமன்றத்துக்கும் தெரியும்.

வாக்குப் பெட்டியின் தீர்ப்பும் நீதிமன்றத் தீர்ப்பும் நேருக்கு நேர் மோதிய இடமும் தமிழ்நாடுதான். தண்டனை பெற்றதால் 2001 தேர்தலில் ஜெயலலிதாவின் வேட்புமனுக்கள் தள்ளுபடி ஆயின. அவருடைய கட்சி வென்றது. ஆளுநர் பாத்திமா பீவி, உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாக இருந்தவர், ஜெயலலிதாவுக்கே பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். மக்கள் கொடுத்த ஆணை இது என்பது வாதம். மக்கள் விருப்பமும் அரசமைப்புக்கு உட்பட்டதே என்று செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் அந்த நியமனத்தை ரத்துசெய்தார்கள். ஓ.பன்னீர்செல்வம் முதல்வர் ஆனார். மேல்முறையீட்டில் விடுதலை பெற்று, 2002இல் ஜெயலலிதா திரும்பி வந்தார். தடுத்ததும் நீதிமன்றம், வழிவிட்டதும் நீதிமன்றம். 2014இல் பெங்களூரு தனி நீதிமன்றம் அவரையும், 2017இல் உச்ச நீதிமன்றம் சசிகலாவையும் முதல்வர் நாற்காலியிலிருந்து விலக்கிவைத்தபோது, கட்சிகளின் வாரிசுச் சண்டைகளைக்கூட நீதிமன்றத் தேதிகளே தீர்மானித்தன.

உத்தரவு போடுவதும் நடக்கவைப்பதும்

நீதிமன்றத்திடம் வாளும் இல்லை, கருவூலமும் இல்லை என்று அலெக்சாண்டர் ஹாமில்டன் 1788இல் எழுதியதன் சாரம் இன்றும் மாறவில்லை. உத்தரவு நடப்பது மற்றவர்கள் கையில் இருக்கிறது.

காவிரி இதற்குத் தெளிவான சான்று. நீதிமன்றம் சொன்னதன் பேரில் 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது. 1991இல் அது தந்த இடைக்கால ஆணையை முறியடிக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அது செல்லாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஆண்டு இறுதியில் பெங்களூருத் தமிழர்கள் மீது வன்முறை பாய்ந்தது. 2016இல் நீர் திறக்கச் சொன்ன உத்தரவைத் தொடர்ந்து மறுபடியும் பெங்களூரு எரிந்தது. குடிநீருக்கு மட்டுமே காவிரி நீர் என்று கர்நாடகச் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2018 பிப்ரவரி 16 அன்று வந்த இறுதித் தீர்ப்பு தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்து, பங்கீட்டைக் கண்காணிக்க ஓர் ஏற்பாட்டுக்கும் வழிசெய்தது. மழை பெய்த ஆண்டுகளில் தீர்ப்பு தேவைப்படுவதில்லை. பற்றாக்குறை ஆண்டுகளில் அதை நடத்திவைக்க ஆளில்லை.

காவல்துறையைக் கட்சிகளின் பிடியிலிருந்து விடுவிக்க 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் தரப்பட்ட கட்டளைகள் இன்னொரு சான்று. எல்லாக் கட்சிக்கும் காவல்துறை தேவைப்படுகிறது. அதனால் மாநிலங்கள் தாளில் சட்டம் இயற்றி, கட்டளையின் உயிரை எடுத்துவிட்டன.

இதற்கு மாறாகப் பலித்தவையும் உண்டு. தானியக் கிடங்குகள் நிறைந்திருக்க மக்கள் பட்டினி கிடந்த நிலையில், மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2001இல் தொடுத்த வழக்கில், அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு தரவேண்டும் என்று நவம்பர் 28 அன்று உத்தரவானது. அது நடைமுறைக்கு வந்தது. காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவுபடுத்திய திட்டம் தமிழ்நாட்டில் நடந்துகொண்டிருந்தது. முடியாது என்று சொல்ல மற்ற மாநிலங்களுக்கு வழியில்லை. ஓர் அரசியல் ஏற்கெனவே செய்துகாட்டியதை நீதிமன்றம் எல்லாருக்கும் கடமையாக்கியது. பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிராக 1997இல் விசாகா வழக்கு விதித்த நெறிகள் சட்டமாக 16 ஆண்டு ஆயிற்று என்பதையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அங்கே காத்திருந்த பெண்களுக்குப் பின்னால் ஓட்டு வங்கி எதுவும் இல்லை.

ஜல்லிக்கட்டு வேறொரு வகை. 2014 மே 7 அன்று தடை வந்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். சில நாளில் அவசரச் சட்டமும், தொடர்ந்து சட்டத் திருத்தமும் வந்தன. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தத் திருத்தத்தை ஏற்றனர். இது பண்பாட்டின் பகுதியா என்பதைச் சட்டமன்றமே முடிவுசெய்யட்டும் என்றனர். நீதிமன்றம் மக்கள் திரளுக்குப் பணிந்தது என்று சொல்வோர் உண்டு. விலங்குவதைத் தடுப்பு விதிகளோடு கூடிய புதிய சட்டம் ஒன்றை நீதிமன்றத்தின் மறுப்பே வரவழைத்தது என்றும் சொல்லலாம். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

நீதிபதியை யார் தேர்ந்தெடுப்பது?

நீதிமன்றம் இவ்வளவு அரசியல் வேலை செய்யும்போது நீதிபதிகளை அமர்த்துவதும் அரசியலாகவே இருக்கும். 1973, 1977 ஆகிய ஆண்டுகளின் அனுபவம்தான், 1993இலும் 1998இலும் கொலீஜியம் முறையைக் கட்டியெழுப்பியது. மூத்த நீதிபதிகள் சிலர் கூடிப் பெயரைப் பரிந்துரைப்பார்கள். அரசு திருப்பி அனுப்பலாம். மறுபடி அதே பெயர் வந்தால் ஏற்க வேண்டும். நாடாளுமன்றம் 2014இல் கிட்டத்தட்ட எதிர்ப்பே இல்லாமல் நியமன ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. 2015 அக்டோபர் 16 அன்று நீதிமன்றம் 4க்கு 1 என்று அதை ரத்துசெய்தது. மறுத்து எழுதிய ஜே.செலமேஸ்வர் கொலீஜியத்தின் ஒளிவுமறைவைக் கடுமையாகச் சாடினார்.

அரசு தோற்றதா? தாளில் தோற்றது. ஆனால் பரிந்துரைத்த பெயர்களைக் கிடப்பில் போடுவதற்கு எந்தத் திருத்தமும் தேவைப்படவில்லை. பிடித்த பெயர் சில நாளில் கையெழுத்தாகிறது. பிடிக்காத பெயர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறது. ஓய்வுக்குப் பிந்தைய பதவிகளும் இதோடு சேரும். தமிழ்நாட்டிலிருந்து தலைமை நீதிபதியான பி.சதாசிவம் 2014இல் கேரள ஆளுநர் ஆனார். ரஞ்சன் கோகோய் ஓய்வுபெற்ற நான்கு மாதத்தில், 2020 மார்ச்சில், மாநிலங்களவை உறுப்பினராக நியமிக்கப்பட்டார். யார் எந்தத் தீர்ப்பை எதற்காக எழுதினார் என்று எவரும் நிரூபிக்க முடியாது. ஐயத்துக்கு இடமில்லாத ஓர் ஏற்பாடு இல்லை என்பதே குறை.

எப்போது விசாரிப்பது?

தீர்ப்பின் வாசகத்தை அலசும் நாம், அது வந்த தேதியைக் கவனிப்பதில்லை. பணமதிப்பு நீக்கம் 2016 நவம்பர் 8 அன்று அறிவிக்கப்பட்டது. அது செல்லும் என்ற தீர்ப்பு 2023 ஜனவரி 2 அன்று வந்தது. செல்லாது என்று சொல்லியிருந்தாலும் பழைய நோட்டுகளை என்ன செய்திருக்க முடியும்? ஜம்மு காஷ்மீருக்குத் தனி நிலை தந்த 370ஆவது பிரிவு 2019 ஆகஸ்டில் செயலிழந்தது. தீர்ப்பு 2023 டிசம்பர் 11 அன்று. இடையில் ஒரு மாநிலம் இரண்டு ஒன்றியப் பிரதேசங்களாகப் பிரிந்து நான்கு ஆண்டு ஓடிவிட்டது. தேர்தல் பத்திரத் திட்டம் 2018இல் நடைமுறைக்கு வந்தது. இடைக்காலத் தடை மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றனர். அதற்குள் 16,000 கோடி ரூபாய்க்கு மேல் பத்திரங்கள் விற்றிருந்தன. கட்சிகள் மாற்றிக்கொண்ட பணம் கட்சிகளிடமே இருந்தது. நன்கொடையாளர் பெயர்கள் வெளிவந்தது சிறிய ஆதாயமல்ல. ஆனால் ஒரு மக்களவைத் தேர்தலும் பல சட்டமன்றத் தேர்தல்களும் அதற்குள் முடிந்துவிட்டன.

எந்த வழக்கை எந்த அமர்வு எப்போது கேட்கும் என்பது தலைமை நீதிபதியின் கையில் இருக்கிறது. 2018 ஜனவரி 12 அன்று நான்கு மூத்த நீதிபதிகள் செய்தியாளர்களை அழைத்துப் புகார் சொன்னது இந்த ஒதுக்கீட்டு முறை பற்றித்தான். ஐந்து கோடிக்கு மேல் வழக்குகள் தேங்கிக் கிடக்கும் நாட்டில் தாமதத்துக்குச் சுமையே காரணம் என்று எப்போதும் சொல்லலாம். ஆனால் சில வழக்குகள் நள்ளிரவில்கூடக் கேட்கப்படுகின்றன. வாய்தா கொடுப்பதும் ஒரு தீர்ப்பு. அதற்கு மட்டும் காரணம் எழுத வேண்டியதில்லை.

அயல் அனுபவங்கள்

அமெரிக்காவில் 1803இல் தொடங்கிய நீதிமுறை மறுஆய்வு, 1857இல் அடிமை முறைக்குத் துணைபோனது. 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை ஒழித்தது. 1973இல் தந்த கருக்கலைப்பு உரிமையை 2022இல் திரும்ப எடுத்துக்கொண்டது. வாழ்நாள் பதவியும் கட்சி வழி நியமனமும் சேர்ந்து, குடியரசுத் தலைவர் தேர்தலையே நீதிபதிகளுக்கான தேர்தலாக ஆக்கிவிட்டன. ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றத்தில் 12 ஆண்டு ஒரே பதவிக்காலம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஆளுக்குப் பாதியாக மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் தேர்ந்தெடுக்கின்றன. ஒரு கட்சி தனியாக யாரையும் அமர்த்த முடியாது. பிரிட்டனில் நாடாளுமன்றச் சட்டத்தை ரத்துசெய்யும் அதிகாரமே நீதிமன்றத்துக்கு இல்லை. இருந்தும் 2019இல் பிரதமர் நாடாளுமன்றத்தை முடக்கியது செல்லாது என்று 11 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னபோது அவைகள் மறுநாளே கூடின.

இலங்கையில் சட்டமாகிவிட்ட ஒன்றை நீதிமன்றத்தில் கேள்வி கேட்க முடியாது. மசோதாவாக இருக்கும்போதே குறுகிய கெடுவுக்குள் எதிர்க்க வேண்டும். 2006இல் உச்ச நீதிமன்றம் வடக்கு, கிழக்கு மாகாண இணைப்பைச் செல்லாது என்றது. 1987 உடன்பாட்டில் தமிழர் பெற்ற முக்கியமான ஒன்று நடைமுறைக் குறையின் பேரில் கலைந்தது. பெரும்பான்மை அரசியலும் தீர்ப்பும் ஒத்துப்போனதால் அதைச் சீர்செய்ய நாடாளுமன்றத்தில் எவரும் முனையவில்லை. 2013 ஜனவரியில், அரசுக்குப் பிடிக்காத தீர்ப்புக்குப் பின் தலைமை நீதிபதி சிராணி பண்டாரநாயக்க பதவிநீக்கப்பட்டார். 2018இல் ஆளுங்கூட்டணி உடைந்திருந்தபோது, குடியரசுத் தலைவர் நாடாளுமன்றத்தைக் கலைத்தது சட்டவிரோதம் என்று ஏழு நீதிபதிகளும் ஒரே குரலில் சொன்னார்கள், அவர் பணிந்தார். ஐந்து ஆண்டில் அரசியல் பிளவுபட்டிருந்ததே பெரிய வேறுபாடு.

என்ன எதிர்பார்க்கலாம்?

நீதிமன்றம் தனியாக ஜனநாயகத்தைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கையை 1976 பொய்யாக்கியது. நீதிமன்றத்தால் ஒன்றும் ஆகாது என்ற விரக்தியை மதிய உணவு வழக்கும் பொம்மை வழக்கும் பொய்யாக்குகின்றன. கூட்டாளி இருந்தால் அது வெல்கிறது: ஒரு மாநில அரசு, ஒரு மக்கள் இயக்கம், பிளவுபட்ட நாடாளுமன்றம், முன்னுதாரணமாக நிற்கும் ஒரு திட்டம். கூட்டாளி இல்லாத இடத்தில் தீர்ப்பு அறிக்கையாக நின்றுவிடுகிறது. அப்படியானால் எல்லாவற்றையும் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்சிகளும் இயக்கங்களும் வழக்கறிஞர்களிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடுவது தவறான கணக்கு. வழக்குப் போடும் நாளிலேயே தீர்ப்புக்குப் பிந்தைய வேலைக்கும் ஆள் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், நீதிமன்றம் தன்னுடைய அரசியல் இடத்தை ஒப்புக்கொண்டு சில விதிகளுக்குக் கட்டுப்படுவது நல்லது. அரசமைப்பு வழக்குகளைப் பட்டியலிடுவதற்கு வெளிப்படையான வரிசை. திரும்பச் சரிசெய்ய முடியாத நடவடிக்கைகளில் இடைக்காலத் தடையைப் பற்றி முதல் மாதத்திலேயே காரணத்தோடு ஒரு முடிவு. கொலீஜியப் பரிந்துரைகள் மீது அரசு பதில் சொல்ல ஒரு கெடு. ஓய்வுக்கும் அரசுப் பதவிக்கும் இடையே கட்டாய இடைவெளி. இவற்றில் முதல் இரண்டுக்கு நாடாளுமன்றத்தின் அனுமதிகூடத் தேவையில்லை. நீதிமன்றம் நினைத்தால் தன் விதிகளைத் தானே மாற்றிக்கொள்ளலாம். ஆளுநருக்குக் காலக்கெடு விதிக்க முடியாது என்று சொன்ன நீதிமன்றம், தனக்குத் தானே ஒன்றை விதித்துக்கொள்ள யாரும் குறுக்கே நிற்கப்போவதில்லை.